வீட்ட விக்கிறதுக்கு, வாடகைக்கு விடுறதுக்கு போட்டோ எடுக்குறது எப்படி

வீட்டு போட்டோ எடுக்கணும்னு சொன்னாலே எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த கேமரா நல்லதுங்கிறதுதான், நான் என்ன சொல்லுவேன்னா கேமரா பையிலயே இருக்கட்டும், முதல்ல வெறுங்கையோட வீட்ட ஒரு சுத்து சுத்தி வாங்க. ஒவ்வொரு ரூம் வாசல்லயும் நின்னு பாருங்க, வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருது, கண்ணு முதல்ல எங்க போய் நிக்குது, எது உறுத்துது, இந்த வீட்ல குடியிருந்தா நீங்க எந்த மூலையில போய் உக்காருவீங்க, இதெல்லாம் யோசிச்சுக்கிட்டே நடங்க. அந்த பத்து நிமிஷத்துல பாதி வேலை முடிஞ்சுரும், எந்த ரூம எப்ப எடுக்கணும் எங்க நின்னு எடுக்கணும்னு அப்பவே தெரிஞ்சுரும்.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்துலயே சொல்லிர்றேன், ஏன்னா கீழ சொல்லப்போற எல்லாமே இதுல இருந்துதான் வருது. போட்டோவ பாத்துட்டு நேர்ல வர்றவங்க உள்ள கால் வச்ச உடனே "ஆமா, அதே வீடுதான்"னு நினைக்கணும். இதுக்கு மேல நம்ம போட்டோவுக்கு வேற வேலை கிடையாது. நான் இத ஒரு சின்ன பெட்ரூம்ல கத்துக்கிட்டேன். கட்டிலும் அலமாரியும் போட்டா ஒரு ஆள் பக்கவாட்டுல திரும்பித்தான் நடக்க முடியும், அந்த அளவு ரூம். மூலையில முதுக ஒட்டிக்கிட்டு 14 மி.மீ லென்ஸ்ல எடுத்தேன் (இந்த மி.மீ எண் குறையக் குறைய லென்ஸ் அகலமா எடுக்கும்), ஹால் மாதிரி வந்துச்சு, சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பாக்க வந்த அம்மா வாசல்லயே நின்னுட்டு கூட வந்த பொண்ணுகிட்ட "போட்டோல இருந்த ரூம் எதும்மா"ன்னு கேட்டாங்க. அதே ரூம்தான். அதுக்கப்புறம் அவங்க கிச்சனையும் பால்கனியையும் சந்தேகத்தோடயே பாத்தாங்க, உண்மையிலேயே நல்லா இருந்த பால்கனி அது, ஒரு நிமிஷம் கூட நிக்கல. அந்த ஒரு போட்டோ அந்த வீட்டுக்கு கெடுதல்தான் பண்ணுச்சு, அதுக்கு முழு காரணம் நான்தான். அன்னைக்கு இருந்து ரூம பெருசா காட்டுற வேலைய விட்டுட்டேன்.

கேமராவ எடுக்குறதுக்கு முன்னாடி

வீட்டுக்காரங்ககிட்ட ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிருங்க, அன்னைக்கு காலைல போய் சொன்னா எல்லாத்தையும் அலமாரிக்குள்ள திணிப்பாங்க, அலமாரி கதவு மூடாம பிதுங்கிட்டு நிக்கும். சொல்ல வேண்டியது எளிமையானதுதான்: கிச்சன் மேடையில ரெண்டு மூணு பொருளுக்கு மேல வேண்டாம், ஃப்ரிட்ஜ் மேல ஒட்டினதெல்லாம் எடுத்துரணும், பாத்ரூம்ல ஷாம்பு பாட்டில் பக்கெட்டு பிரஷ்ஷு எதுவும் தெரியக்கூடாது, குப்பைத்தொட்டி வெளிய, செருப்பு ஸ்டாண்ட காலி பண்ணணும், வாசல்ல நிக்கிற வண்டிய தள்ளி நிறுத்தணும். ப்யூஸ் போன பல்ப மாத்தி வைக்கச் சொல்லுங்க, அதுவும் ஒரே ரூம்ல எல்லா பல்பும் ஒரே கலரா இருக்கணும், ஒண்ணு மஞ்சளாவும் பக்கத்துல இருக்கிறது வெள்ளையாவும் எரிஞ்சா எடிட்டிங்ல அழுதாலும் சரியாகாது.

அதுக்காக வீட்ட மொத்தமா காலி பண்ணவும் வேண்டாம். ஒண்ணுமே இல்லாத ரூமுக்கு அளவே புரியாது, ஒரு நாற்காலியோ கட்டிலோ இருந்தாத்தான் பாக்குறவங்க மனசுல ரூம் எவ்ளோ பெருசுன்னு கணக்கு போட முடியும்.

தனிப்பட்ட விஷயங்கள்ல ரொம்ப கவனமா இருங்க. குடும்ப போட்டோ, குழந்தைங்க பேரு எழுதின சர்டிஃபிகேட், மருந்து டப்பா, பேரும் முகவரியும் தெரியிற கவரு, ஆணில தொங்குற சாவிக்கொத்து, வண்டி நம்பர், இதெல்லாம் ஊர் உலகம் பாக்கப்போற படத்துல இருக்கக்கூடாது. வாடகைக்கு ஒருத்தர் குடியிருக்கிற வீடுன்னா வீட்டு ஓனர் சரின்னு சொன்னது மட்டும் பத்தாது, உள்ள இருக்கிறது அவங்க பொருள், அவங்ககிட்டயும் கேட்டுட்டுத்தான் கேமராவ வெளிய எடுக்கணும்.

பெட்டு மேல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, கண்ணுக்கு ஒழுங்கா தெரியிறது கேமராவுல கசங்கித் தெரியும். பெட்ஷீட்ட நாலு மூலையும் இழுத்து மெத்தைக்கு கீழ சொருகிட்டு, உள்ளங்கைய தட்டையா வச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு தள்ளிக்கிட்டே வரணும், தலையணைய ஓரத்துல தட்டி நிமித்தி வைக்கணும், கட்டிலுக்கு அடியில சூட்கேஸ் எட்டிப் பாக்குதான்னு குனிஞ்சு பாக்கணும். கர்ட்டன் ரெண்டு பக்கமும் ஒரே அளவு விலகி இருக்கணும். டைனிங் டேபிள் நாற்காலி எல்லாம் ஒரே தூரத்துல உள்ள தள்ளி இருக்கணும். எல்லாம் முடிஞ்சதும் போன்ல ஒரு படம் எடுத்துப் பாருங்க, நேர்ல கண்ணு தாண்டிப் போன வயரும் துணியும் படத்துல பளிச்சுன்னு தெரியும். ஃபேன நிறுத்திருங்க, ட்ரைபாட்ல மெதுவான ஷட்டர்ல எடுக்கும்போது சுத்துற ஃபேன் ஒரு கலங்கின வட்டமா வரும். டிவியும் ஆஃப்.

லென்ஸும் நிக்கிற இடமும்

ஃபுல் ஃப்ரேம் கேமரான்னா, அதாவது படத்த பதியிற சென்சார் பெருசா இருக்கிற கேமரான்னா, 16ல இருந்து 35 மி.மீ வரைக்கும் போற ஜூம் ஒண்ணு போதும், சின்ன சென்சார் கேமரான்னா 10ல இருந்து 18 மாதிரி ஒண்ணு. ஆனா 16 வரைக்கும் போகுதேன்னு எல்லாத்தையும் 16ல எடுக்காதீங்க. நான் பெரும்பாலும் 20லயும் 24லயும்தான் இருப்பேன், ரொம்ப சின்ன பாத்ரூம்ல மட்டும் 17, 18க்கு இறங்குவேன். வைட் ஆங்கிள் லென்ஸ் படத்தோட ஓரத்துல இருக்கிறத இழுத்து நீட்டும், உருண்டையா இருக்கிற விளக்கு முட்டை மாதிரி ஆயிரும், ஓரத்துல இருக்கிற சோஃபா கைப்பிடி ரெண்டு மடங்கு நீளமா தெரியும். அதனால ஓரத்துல பொருள் எதுவும் கேமராவுக்கு பக்கத்துல இல்லாம பாத்துக்கங்க, இருந்தா ஒரு அடி தள்ளி வைங்க.

ரூமுக்குள்ள நின்னு எடுக்க இடம் பத்தலைன்னா லென்ஸ இன்னும் அகலமாக்குறதுக்கு முன்னாடி நீங்க பின்னாடி போக முடியுமான்னு பாருங்க. கதவ திறந்துவிட்டு வெளிய நடையில நின்னு எடுக்கலாம், கதவு நிலை தெரியாத அளவுக்கு ஃப்ரேம சுருக்கிக்கலாம். தூரமும் அளவும் எப்படித் தெரியுங்கிறத முடிவு பண்றது நீங்க நிக்கிற இடம், அதுல எவ்ளோ பகுதிய வெட்டி எடுக்குறதுங்கிறது மட்டும்தான் லென்ஸோட வேலை. ரெண்டடி பின்னாடி போனா எதிர் சுவரு ஓடிப்போன மாதிரி தெரியாம அதோட உண்மையான தூரத்துல நிக்கும்.

எங்க நிக்கிறதுன்னா, ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மூலையில நின்னு எதிர் மூலைய பாத்து எடுக்குறது, ரூமோட அமைப்பு இதுல நல்லா புரியும். இன்னொண்ணு ஒரு சுவருக்கு நேரா நின்னு எடுக்குறது, கேமராவும் சுவரும் துல்லியமா இணையா இருக்கணும், லேசா கோணலா இருந்தா கூட பாக்க உறுத்தும், சரியா அமைஞ்சுதுன்னா அமைதியான அழகான படம் வரும். மூலையில இருந்து எடுக்கும்போது ரெண்டு சுவரு முழுசா வந்தா போதும், மூணாவது சுவரையும் சேத்து இழுக்கப் பாத்தா ரூம் பெட்டிய விரிச்சு வச்ச மாதிரி ஆயிரும்.

நேர்க்கோடு

வீட்டு போட்டோல கத்துக்குட்டியையும் பழகின கையையும் பிரிக்கிறது இதுதான்னு நான் நம்புறேன். சுவரு மூலை, கதவு, அலமாரி, ஜன்னல் சட்டம், இதெல்லாம் நேர்ல செங்குத்தா நிக்குது, படத்துலயும் செங்குத்தா நிக்கணும். கேமராவ கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சா அந்தக் கோடெல்லாம் மேல போகப் போக உள்பக்கமா சாயும், கீழ குனிச்சா கீழ போகப் போக ஒடுங்கும், ஏன்னா உள்ள இருக்கிற சென்சார் சுவருக்கு இணையா இல்லாம போயிருது. கேமராவ மட்டமா வச்சுட்டா இந்த பிரச்சனையே கிடையாது. கேமராவுல இருக்கிற எலக்ட்ரானிக் லெவல ஆன் பண்ணுங்க, இல்லன்னா ட்ரைபாட்ல இருக்கிற குமிழ் மட்டத்த பாருங்க.

சரி, மட்டமா வச்சா சீலிங் நிறைய வருதே, தரை வரலையேன்னு கேப்பீங்க. கேமராவ சாய்க்காதீங்க, உயரத்த மாத்துங்க. கேமரா மட்டமா இருக்கிற வரைக்கும் அது நிக்கிற உயரம்தான் படத்தோட நடுக்கோடு. கீழ இறக்கினா சீலிங் குறையும் தரை கூடும், மேல ஏத்தினா சீலிங் கூடும், ஆனா டேபிள், கட்டில் மேல்பரப்பு நல்லா தெரியும். நான் ஹால்ல நாலடி, நாலரை அடிக்கு வைப்பேன், பெட்ரூம்ல அதவிட கொஞ்சம் கீழ, மெத்தை மேல்பக்கம் லேசா தெரியிற அளவுக்கு. நின்னபடி கண் உயரத்துல எடுத்தா எல்லாத்தையும் மேல இருந்து குனிஞ்சு பாக்குற மாதிரி வரும், அதுதான் நிறைய பேர் பண்ற தப்பு.

கிச்சன்ல ஒரு சின்ன கணக்கு இருக்கு. மேடை மேல்பரப்பும் தெரியணும், மேல தொங்குற கபோர்டோட அடிப்பக்கம் தெரியக்கூடாது, அங்கதான் வயரும் எண்ணெய் பிசுக்கும் இருக்கும். கேமரா லென்ஸ் அந்த கபோர்டோட கீழ் விளிம்புக்கு நேரா வர்ற மாதிரி வைங்க, ரெண்டும் சரியா அமையும். இத ஒருத்தரும் எனக்கு சொல்லித்தரல, ரொம்ப நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன், தெரிஞ்சதுல இருந்து கிச்சன் எடுக்க பாதி நேரம்தான் ஆகுது.

வெளிச்சம்

இங்கதான் எல்லாரும் திணறுவாங்க. கண்ணுக்கு ரூமும் தெரியுது ஜன்னலுக்கு வெளிய இருக்கிற மரமும் தெரியுது, படம் எடுத்தா ரூம் சரியா வந்தா ஜன்னல் வெள்ளையா வெந்துபோகுது, ஜன்னல் சரியா வந்தா ரூம் குகை மாதிரி இருட்டாகுது. காரணம் கணக்குலயே இருக்கு. உச்சி வெயில் இருக்கிற வெளிப்புறத்தோட வெளிச்ச அளவு எக்ஸ்போஷர் கணக்குல 15னு வச்சுக்கிட்டா, சாதாரண வீட்டு ரூம் 5ல இருந்து 7 வரைக்கும்தான் வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் வெளிச்சம் ரெண்டு மடங்கு, அப்போ எட்டு எண் வித்தியாசம்னா 256 மடங்கு. நம்ம கண்ணு ஜன்னல பாக்கும்போது சுருங்கி ரூம பாக்கும்போது விரிஞ்சு சமாளிச்சுக்குது, கேமராவுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான்.

அதனால ட்ரைபாட்ல வச்சு ஒரே இடத்துல இருந்து வேற வேற வெளிச்ச அளவுல பல படம் எடுத்து சேக்குறோம், பிராக்கெட்டிங்னு சொல்றது இதத்தான். என்னோட செட்டிங் இதுதான், எழுதி வச்சுக்கங்க: ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு) 100 இல்ல 200, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையோட அளவு) எஃப் 8, ரா ஃபைல் (கேமரா பதிஞ்சத அப்படியே வச்சிருக்கிற ஃபைல்), ரெண்டு செகண்ட் டைமர், ரெண்டு ஸ்டாப், அதாவது மேல சொன்ன கணக்குல ரெண்டு எண், இடைவெளில மூணு படம், ஜன்னல் ரொம்ப பளிச்சுன்னு இருந்தா அஞ்சு படம். அப்பர்ச்சர மாத்தக்கூடாது, ஷட்டர் மட்டும்தான் மாறணும், இல்லன்னா படத்துக்கு படம் ஃபோகஸ் ஆழம் மாறிரும். ஷட்டர் அரை செகண்ட் ஒரு செகண்ட்னு போனாலும் பயப்படாதீங்க, ட்ரைபாட்தான நிக்குது, கை படாம இருந்தா போதும். மரத்தரைன்னா நீங்க நடந்தாக்கூட அதிரும், அதனால அந்த நேரத்துல அசையாம நில்லுங்க. அப்புறம் லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல அந்தப் படங்கள ஹெச்டிஆர் மெர்ஜ் பண்ணா, அதாவது ஒண்ணா சேத்தா, ஒரே ஃபைலா வந்துரும்.

ஆனா ஹெச்டிஆர்ல ஒரு ஆபத்து இருக்கு, ஸ்லைடர ரெண்டு பக்கமும் முழுசா இழுத்தா நிழலே இல்லாம சாம்பல் பூசின மாதிரி ஒரு படம் வரும், ஜன்னல சுத்தி வெள்ளை வளையம் ஒண்ணு தெரியும். ரூம்னா நிழல் இருக்கணும். ஜன்னலுக்கு வெளிய தெரியிறது ரூம விட கொஞ்சமாவது பளிச்சுன்னு இருக்கணும், நேர்ல அப்படித்தான இருக்கு, வெளிய இருக்கிற மரம் ரூமுக்குள்ள மாட்டின படம் மாதிரி துல்லியமா தெரிஞ்சா பாக்குறவங்களுக்கு ஏதோ இடிக்குதுன்னு தோணும், என்னன்னு சொல்லத் தெரியாது.

ஃப்ளாஷ் வச்சிருக்கிறவங்க அத நேரா அடிக்காதீங்க, உங்களுக்குப் பின்னாடி இருக்கிற வெள்ளை சுவரு இல்ல சீலிங் பக்கம் திருப்பி அடிங்க, வெளிச்சம் அங்க பட்டு பரவலா திரும்பி வரும். சுவரு பச்சையோ ஆரஞ்சோ அடிச்சிருந்தா திரும்பி வர்ற வெளிச்சமும் அதே கலர்ல வரும், அப்போ சீலிங்க பிடிச்சுக்கங்க. ஜன்னல் காட்சி ரொம்ப முக்கியம்னா, அதுக்காகவே இருட்டா ஒரு படம் ஃப்ளாஷோட எடுத்து ஃபோட்டோஷாப்ல மேல அடுக்கி டார்க்கன் மோடுல ஜன்னல் பகுதிய மட்டும் சேக்குறவங்க இருக்காங்க, நல்ல முறை, பழக கொஞ்சம் நாளாகும்.

எல்லாத்தையும் விட சுலபமான வழி பொறுமையா இருக்கிறதுதான். மேகம் மூடின நாள்ல போனா உள்ளயும் வெளியவும் இருக்கிற வித்தியாசம் நல்லாவே குறைஞ்சுரும். வெயில் நாளா இருந்தா அந்த ஜன்னல்ல நேரடி வெயில் இல்லாத நேரமா பாத்து அந்த ரூம எடுங்க, முதல்ல வீட்ட சுத்தி வரச் சொன்னது இதுக்கும்தான்.

லைட்ட போடணுமா வேண்டாமாங்கிறதுல ஆளுக்கு ஒரு கருத்து. வெளிச்சத்தோட நிறத்த கெல்வின்ல அளப்பாங்க, பகல் வெளிச்சம் 5500 கெல்வின் பக்கம் இருக்கும், மஞ்சள் பல்பு 2700ல இருந்து 3000, ரெண்டும் ஒரே படத்துல கலந்தா ஜன்னல் பக்கம் நீலமாவும் பல்பு பக்கம் ஆரஞ்சாவும் போகும், வெள்ளை சுவரு திட்டுத்திட்டா தெரியும். நான் பண்றது, பெரிய ஜன்னல் இருக்கிற ரூம்ல பகல்ல எல்லா லைட்டையும் அணைச்சிருவேன், ஜன்னல் இல்லாத பாத்ரூம், நடை, உள்ரூம்ல மட்டும் போடுவேன். சில வாடிக்கையாளருங்க லைட்டு எரிஞ்சாத்தான் வீடு உயிரோட இருக்குன்னு சொல்லுவாங்க, அப்போ ரெண்டு விதமாவும் எடுத்துக் குடுத்துருங்க, அஞ்சு நிமிஷம்தான் கூடுதல்.

சிலபேருக்கு எல்இடி லைட்டுக்கு கீழ படத்துல குறுக்கு பட்டை பட்டையா வரும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்ல வர்ற இடத்துல லைட்டு செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், 60 ஹெர்ட்ஸ்னா 120 தடவை. ஷட்டர 1/50 இல்ல 1/60க்கு மெதுவா வச்சு, சைலண்ட் ஷட்டர ஆஃப் பண்ணிட்டா போயிரும்.

பாத்ரூம், கண்ணாடி

டாய்லெட் மூடிய மூடிருங்க, துண்டு ஒண்ணு மடிச்சு தொங்கட்டும், தரை காஞ்சிருக்கணும், குழாய்ல தண்ணிக் கறைய துணியால ஒரு துடை துடைங்க, பாத்ரூம்ல மத்த எதையும் விட அந்த பளபளப்புதான் சுத்தம்னு சொல்லும். கண்ணாடிதான் பிரச்சனை. லென்ஸுக்கு கண்ணாடியில கேமரா தெரியுதுன்னா நீங்க அதுக்கு நேரா நிக்கிறீங்கன்னு அர்த்தம், ஒரு அடி பக்கவாட்டுல போங்க, கதவு ஓரத்துல இருந்து சரிவா எடுங்க. டைமர வச்சிட்டு நீங்க வெளிய போயிருங்க, கேமரா தெரியலைன்னாலும் நீங்க தெரிவீங்க, ஓவன் கதவு, டிவி திரை, பளபளன்னு இருக்கிற ஃப்ரிட்ஜ், குழாய் வளைவு எல்லாத்துலயும் ஆள் தெரியும். பெரிசு பண்ணிப் பாத்துட்டு நகருங்க. போலரைசர் ஃபில்டர் இருந்தா டைல்ஸ் தரையில ஜன்னல் வெளிச்சம் அடிக்கிற பளபளப்ப நல்லாவே குறைக்கும், உலோகத்துலயும் முகம் பாக்குற கண்ணாடிலயும் அவ்வளவா வேலை செய்யாது.

வெளிப்புறம், அந்தி நேரம்

வீட்டோட முகம் எந்த திசைன்னு முதல்லயே கேட்டுக்கங்க. கிழக்கு பாத்த வீடுன்னா காலைல, மேற்கு பாத்ததுன்னா சாயங்காலம். சூரியன் வீட்டுக்கு பின்னாடி இருக்கும்போது எடுத்தா முன்பக்கம் கறுத்துப்போகும், வானம் வெளுத்துப்போகும். பக்கத்துல நின்னு அண்ணாந்து எடுக்காதீங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் 35 மி.மீ இல்ல 50ல எடுத்தா வீடு நேரா கம்பீரமா நிக்கும். ட்ரோன் வச்சு எடுக்கிறதுன்னா உங்க நாட்டுல அதுக்கு என்ன அனுமதி வேணும்னு பாத்துட்டு பறக்க விடுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க முற்றம் படத்துல வராம பாத்துக்கங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது அந்தி நேரம். சூரியன் இறங்கினதும் வானம் கொஞ்ச நேரம் ஆழமான நீலமா இருக்கும், அந்த நேரத்துல வீட்டுக்குள்ள எல்லா லைட்டையும் போட்டா ஜன்னலெல்லாம் தங்கமா மின்னும், உள்ள வெளிச்சமும் வெளி வெளிச்சமும் அப்பத்தான் ஒரே அளவுக்கு வந்து சேரும். சூரியன் மறையிறதுக்கு முன்னாடியே ட்ரைபாட வச்சு ஃப்ரேம முடிவு பண்ணிருங்க, மறைஞ்சதுல இருந்து ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு படம்னு எடுத்துக்கிட்டே இருங்க, பெரும்பாலும் 15ல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள ஒரு படம் அப்படியே அமையும், பூமத்திய ரேகைக்கு பக்கத்துல இருக்கிற ஊர்கள்ல இந்த நேரம் சீக்கிரமே முடிஞ்சுரும். கட்டடப் படங்களுக்குப் பேர் போன ஜூலியஸ் ஷுல்மன் 1960ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல மலை ஓரத்துல இருக்கிற ஸ்டால் ஹவுஸ்ங்கிற கண்ணாடி வீட்ட எடுத்த விதமும் இதோட சொந்தக்கார வழிதான். கீழ இருக்கிற ஊர் விளக்குக்காக சில நிமிஷம் ஷட்டர திறந்தே வச்சிருந்துட்டு, கடைசில உள்ள ஃப்ளாஷ் பல்ப அடிச்சாரு, ஒரே ஃபிலிம்ல உள்ளயும் வெளியவும் சேந்து வந்துச்சு. நம்மகிட்ட இப்போ மெர்ஜ் பட்டன் இருக்கு, ஆனா ரெண்டு வெளிச்சத்தையும் ஒரே தராசுல நிறுத்துற அந்த எண்ணம் அதேதான்.

போன் மட்டும் இருந்தா

போன்லயும் நல்லா எடுக்கலாம், தயங்காதீங்க. லென்ஸ துடைங்க, விரல் பட்டு எண்ணெயா இருந்தா ஜன்னல் வெளிச்சம் புகை மாதிரி பரவும். கிரிட் கோட்ட ஆன் பண்ணுங்க, கதவு ஓரத்த அந்தக் கோட்டோட பொருத்திப் பாருங்க, படுக்கவாட்டுல பிடிங்க. நிறைய போன்ல 0.5ன்னு ஒரு லென்ஸ் இருக்கும், அது 13 மி.மீ அளவுக்கு அகலம், நான் மேல சொன்ன அந்த பெட்ரூம் தப்பு இதுலதான் சுலபமா நடக்கும், போதாததுக்கு வெளிச்சம் குறைஞ்ச ரூம்ல அந்த லென்ஸ் மங்கலாவும் எடுக்கும். முடிஞ்ச வரைக்கும் 1ன்னு இருக்கிற மெயின் லென்ஸ்லயே எடுங்க, வேற வழியே இல்லாத சின்ன ரூமுக்கு மட்டும் 0.5, அதுவும் எடுத்த பிறகு ஓரத்த வெட்டிருங்க. திரையில ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு இடத்துல விரல அழுத்திப் பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும், அப்புறம் வெளிச்சத்த கொஞ்சம் கீழ இழுங்க, இருட்டா இருக்கிறத பின்னாடி ஏத்தலாம், வெந்துபோன ஜன்னல மீட்க முடியாது. போன மாட்டுற கிளாம்ப் ஒண்ண சின்ன ட்ரைபாட்ல வச்சு டைமர்ல எடுத்தா பாதி பிரச்சனை தீந்துரும். போர்ட்ரெய்ட் மோடு வேண்டவே வேண்டாம், சுவரெல்லாம் மங்கிரும்.

எடிட்டிங்

நான் பண்ற வரிசை: லென்ஸ் கரெக்ஷன் (லென்ஸால வர்ற வளைவ சரி பண்றது), கோடு நிமித்துறது, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளைய வெள்ளையாவே தெரிய வைக்கிறது), ஹைலைட், அதாவது ரொம்ப வெளிச்சமான பகுதிய, குறைக்கிறது, நிழல கொஞ்சம் ஏத்துறது, அவ்ளோதான். ஒயிட் பேலன்ஸுக்கு வெள்ளை கதவையோ சீலிங்கையோ தொட்டுப் பாருங்க, ஆனா ஜன்னல் ஓரத்துல இருக்கிற வெள்ளைய தொடாதீங்க. ஒரு ரூம் நீலமாவும் அடுத்த ரூம் மஞ்சளாவும் இருந்தா ரெண்டு வெவ்வேற வீடு மாதிரி இருக்கும், எல்லா படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கடைசியா ஒருதடவை பாருங்க.

எத அழிக்கலாம் எத அழிக்கக் கூடாதுங்கிறதுல நான் பிடிவாதமா இருப்பேன். நாளைக்கு வீட்டுக்காரங்க போகும்போது கூடவே போயிரக்கூடிய பொருள், தரையில கிடக்குற வயரு, புல்லுல விழுந்த சருகு, மறந்து விட்ட பக்கெட்டு, இதெல்லாம் அழிக்கலாம். வீட்டோடயே இருக்கப்போறது, சுவரு விரிசல், ஈரம் ஏறின கறை, மேல போற மின்கம்பி, ஜன்னலுக்கு எதிர்ல நிக்கிற பக்கத்து வீட்டு சுவரு, இதுல கை வைக்கக் கூடாது. வாங்குறவங்க வாழ்நாள் சேமிப்ப கொண்டுவந்து கொட்டப்போறாங்க, அவங்க பாக்க வேண்டியத நாம மறைச்சா அது வெறும் எடிட்டிங் கிடையாது, பொய். கம்ப்யூட்டர்ல சோஃபா கட்டில் எல்லாம் வரைஞ்சு போட்ட படம்னா அத படத்துலயே தெளிவா எழுதிருங்க, பக்கத்துலயே காலி ரூம் படத்தையும் போடுங்க.

எஸ்ஆர்ஜிபிங்கிற கலர் செட்டிங்ல, நீளப் பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 80ன்னு எக்ஸ்போர்ட் பண்ணா பெரும்பாலான இடத்துக்கு சரியா இருக்கும். எக்ஸ்போர்ட் பண்ணும்போது லொகேஷன் தகவல நீக்குற டிக்க மறக்காதீங்க, போன்ல லொகேஷன் ஆன்ல இருந்தா எடுத்த படத்துல வீடு இருக்கிற இடமும் பதிஞ்சிருக்கும், ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு அது நல்லதில்ல.

15ல இருந்து 25 படம் போதும், ஒரே ஹால ஆறு கோணத்துல போட்டா பாக்குறவங்க குழம்பி ஆறு ரூம்னு நினைப்பாங்க. முதல் படம் வெளிப்புறமா இருக்கலாம், இல்ல அந்த வீட்ல எது ரொம்ப நல்லா இருக்கோ அதுவா இருக்கலாம், அதுக்கப்புறம் ஒருத்தர் வாசல் வழியா உள்ள வந்து நடந்தா எந்த வரிசையில பாப்பாரோ அதே வரிசை: வாசல், ஹால், கிச்சன், பெட்ரூம், பாத்ரூம், பால்கனி. அடுத்த ரூம் கதவு லேசா தெரியிற மாதிரி ஒண்ணு ரெண்டு படம் நடுவுல இருந்தா எந்த ரூம் எதோட ஒட்டியிருக்குன்னு தானா புரியும். முதல் படத்த மட்டும் போன்ல கட்டைவிரல் அளவுக்கு சுருக்கிப் பாருங்க, அந்த அளவுலயும் வீடுன்னு தெரியுதான்னு, தெரியலைன்னா வேற படத்த முன்னாடி வைங்க.